பத்திரத்திலேயே பங்கை எழுதுங்கள்
அப்பாவும் மகளும் சேர்ந்து வீடு வாங்கினால், கிரயப் பத்திரத்திலேயே யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதிவிடுங்கள். அவரவர் பணத்தை அவரவர் வங்கிக் கணக்கிலிருந்தே கட்டுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவுப்படி போட்ட பணத்துக்கேற்ப பங்கு. அதற்கும் ஆதாரம் இல்லையென்றால் சமபங்கு என்றே கொள்வார்கள். முக்கால்வாசிப் பணம் போட்டவர் பாடு திண்டாட்டம்தான். பிறகு மாற்றப் போனால் தனிப் பத்திரம், முத்திரைத் தீர்வை என்று செலவு இழுக்கும்.

வாரிசுரிமைக்கு இது உதவாது. அப்பா உயில் எழுதாமல் காலமானால், அவர் பங்கு முழுதும் மகளுக்குத் தானாக வந்துவிடாது. அம்மாவுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் அதில் உரிமை உண்டு. போட்ட பணத்துக்கேற்ப பங்கு என்ற கணக்கு பூர்வீகச் சொத்துக்கும் பொருந்தாது.