எஸ்டிஆர் வாங்கியாச்சா? இந்தத் தவறுகளில் மாட்டாதீர்கள்

எஸ்டிஆர் என்றால் சாஃப்ட்வேர் டிஃபைன்ட் ரேடியோ, கணினியில் ஓடும் புரோகிராமே சிக்னலைப் பிரித்தெடுக்கும் ரேடியோ. பெயரிலேயே சாஃப்ட்வேர் இருப்பதால் எல்லாவற்றையும் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிடுகிறார்கள், பாதித் தவறுகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன. ஆன்டெனாவில் விழும் அலையை எண்களாக மாற்றும் ஏடிசி வரைக்கும் இதுவும் சாதாரண ரேடியோதான். அதற்கு முன்னால் கெட்டுப்போனதை அப்புறம் எந்த புரோகிராமாலும் மீட்க முடியாது.

முதலில் கெயின், அதாவது வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்ற அளவு. டிவி பார்க்க விற்ற யுஎஸ்பி டாங்கிளை 2012 வாக்கில் ரேடியோவாக மாற்றிக்கொண்டதுதான் ஆர்டிஎல்-எஸ்டிஆர். அதன் ஏடிசி வெறும் 8 பிட், அதாவது மொத்தமே 256 படிகள். சிக்னல் சின்னதாக இருக்கிறதே என்று கெயினைக் கடைசி வரை ஏற்றினால், 88–108 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் உள்ளூர் எஃப்எம் நிலையங்களே அந்தப் படிகளை எல்லாம் நிரப்பிவிடும், நீங்கள் தேடும் சிக்னல் காணாமல் போகும், போதாக்குறைக்கு எந்த நிலையமும் இல்லாத இடத்தில் சினிமா பாட்டு கேட்கும். கெயினை 0-விலிருந்து ஏற்றிக்கொண்டே வாருங்கள். சிக்னலும் இரைச்சலும் சேர்ந்தே உயர ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். சந்தேகமான சிக்னல் வந்தால் கெயினை 10 டெசிபல் குறைத்துப் பாருங்கள்: நிஜமானது ஏறக்குறைய 10 இறங்கும், டியூனரே கலந்து உண்டாக்கிய போலி அதைவிடப் பல மடங்கு சரியும். நகரத்துக்குள் இருப்பவர்கள் எஃப்எம்மைத் தடுக்கும் ஃபில்டர் ஒன்று வாங்கிவிடலாம், என் கணக்கில் புது டாங்கிளைவிட அதுதான் நல்ல செலவு.

அடுத்து ஆன்டெனா. பெட்டியோடு வந்த குச்சியை லேப்டாப் சார்ஜர் பக்கத்தில் நிறுத்திவைத்துவிட்டு ஒன்றும் வரவில்லை என்பார்கள். விமானங்கள் தங்கள் இருப்பிடத்தை அனுப்பும் 1090 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம் சுமார் 7 சென்டிமீட்டர், செயற்கைக்கோள் படங்கள் வரும் 137-க்கு அரை மீட்டருக்குச் சற்று மேல். ஒரே குச்சி இரண்டுக்கும் சரிப்படாது. மொட்டை மாடியில் ஆன்டெனா, கீழே டாங்கிள், நடுவில் 10 மீட்டர் மெல்லிய ஆர்ஜி-174 கேபிள் என்றால் 1090-ல் பத்தில் ஒரு பங்கு சக்திகூடக் கீழே வந்து சேராது. அதைச் சரிசெய்ய ஆம்ப்ளிஃபையரைக் கீழே டாங்கிளோடு மாட்டினால், கேபிளில் தொலைந்தது தொலைந்ததுதான்! மேலே ஆன்டெனாவுக்கு அடியிலேயே மாட்டுங்கள்.

சாம்பிள் ரேட்டையும், அதாவது விநாடிக்கு எத்தனை முறை அலையை அளக்கிறது என்பதையும், உச்சத்துக்கு ஏற்றிவிடாதீர்கள். இந்த டாங்கிள் நம்பகமாகத் தருவது விநாடிக்கு 24 லட்சம் சாம்பிள். 32 லட்சம் வைத்தால் நடுநடுவே சாம்பிள்கள் சத்தமில்லாமல் விழுந்துவிடும், சிக்னலிலிருந்து தகவலைப் பிரிக்கும் டிகோடர் ஏன் திணறுகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். 24 லட்சத்தில் பதிவு செய்தாலே நிமிடத்துக்கு 288 மெகாபைட், வட்டில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். 24 லட்சம் சாம்பிளில் ஒரே நேரத்தில் தெரிவது சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான், அதனால் 20 மெகாஹெர்ட்ஸ் அகல வைஃபை சேனலை இதில் பிடிக்க நினைப்பதும் வீண். விலை கூடிய கருவியாக இருந்தாலும் வைஃபை தகவல் வந்து சேர்ந்தது என்ற பதிலை 10 மைக்ரோவிநாடியில் அனுப்ப வேண்டும், யுஎஸ்பி வழியாகக் கணினிக்குப் போய்த் திரும்ப அந்த நேரம் போதாது, அதனால்தான் அந்த வேலையைக் கருவிக்குள்ளேயே எஃப்பிஜிஏ என்ற சிப்பிடம் விடுகிறார்கள்.

பிளாக்குகளை இணைத்து ரேடியோ உருவாக்கும் குனூ ரேடியோ புரோகிராமில் அடிக்கடி பார்ப்பது: நிஜக் கருவி இணைந்திருக்கும்போதே, சாம்பிள்கள் ஓடும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பிளாக்கையும் போடுவது. கருவியின் கடிகாரமே வேகத்தைத் தீர்மானிக்கிறது, இன்னொன்று வேண்டாம்.

பழைய வீடியோவைப் பார்த்து நோவா 15, 18, 19 என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்களுக்காகக் காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூன்றும் 2025-ல் ஓய்வு பெற்றுவிட்டன. 137-ல் இப்போது ரஷ்யாவின் மீட்டியோர்-எம் வரிசையைத் தேடுங்கள், அது டிஜிட்டல், பழைய டிகோடர் வேலைக்கு ஆகாது.

ஹேக்ஆர்எஃப் மாதிரி அனுப்பவும் தெரிந்த கருவி கையில் இருந்தால் கூடுதல் கவனம். வாக்கி-டாக்கியை அதன் உள்ளீட்டில் நேரடியாக இணைத்துவிடாதீர்கள், −5 டிபிஎம்முக்கு (சக்தியை அளக்கும் அலகு, 0 என்பது ஒரு மில்லிவாட்) மேல் அது தாங்காது, 5 வாட் என்பது 37 டிபிஎம். ஜிபிஎஸ் அலைவரிசையில் போலி சிக்னல் அனுப்பிப் பார்ப்பதெல்லாம் விளையாட்டில்லை, நிஜ ஜிபிஎஸ் சிக்னல் தரைக்கு வரும்போது அவ்வளவு பலவீனமாக இருப்பதால் பக்கத்து வீட்டு ஃபோன்களும் குழம்பும். இந்தியாவில் அமெச்சூர் அலைவரிசையில் அனுப்பவே தொலைத்தொடர்புத் துறையின் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும். அதுவரை ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, அனுப்பும் ஹேக்ஆர்எஃப்பையும் பெறும் டாங்கிளையும் கேபிளால் இணைத்து நடுவில் சிக்னலைக் குறைக்கும் 30 டெசிபல் அட்டெனுவேட்டர் போட்டுச் சோதியுங்கள்.