மெட் அருங்காட்சியகத்தின் அமெரிக்கப் பிரிவு: லேபிளின் கடைசி வரியிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

நியூயார்க்கில் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் சொல்வது ஒன்றுதான்: மம்மிகளையும் வான் கோவையும் பார்த்து முடித்து, கால் வலியோடு அமெரிக்கப் பிரிவுக்குள் நுழையாதீர்கள். காலையில் முதல் வேலையாக அங்கே போங்கள். எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தினர்களை அழைத்துப் போகும் பொறுப்பு என்னுடையது. "அமெரிக்காவில் அப்படி என்ன பழைய ஓவியம் இருக்கப்போகிறது?" என்று கேட்டுக்கொண்டே வருபவர்கள்தான் கடைசியில் கிளம்ப மாட்டேன் என்பார்கள்.

வழி சுலபம். ஐந்தாம் அவென்யூ வாசலில் நுழைந்து, வலது பக்கம் எகிப்துப் பிரிவு வழியாகப் போய், அங்கே நிற்கும் டெண்டூர் கோயிலைத் தாண்டினால் கண்ணாடிக் கூரை போட்ட பெரிய முற்றம் வரும். அதன் ஒரு பக்கம் நிற்பது 1820களில் வால் ஸ்ட்ரீட்டில் கட்டிய ஒரு வங்கியின் பளிங்கு முகப்பு. வங்கிக் கட்டடம் போய்விட்டது, முகப்பு மட்டும் இங்கே வந்துவிட்டது. அதற்குப் பின்னால் பழைய வீடுகளின் அறைகள் அப்படியே இருக்கின்றன. அவற்றை அப்புறம் பாருங்கள். முதலில் இரண்டாவது தளம், 760ஆம் எண் அறை.

அறைக்குள் போனதும் ஓவியத்தைப் பார்ப்பீர்கள், அது இயல்புதான். பிறகு லேபிளின் கடைசி வரிக்கு வாருங்கள். யார் கொடுத்தது, எந்த ஆண்டு வந்தது என்று இருக்கும். கூடவே ஒரு பதிவு எண். 97.34 என்றால் 1897இல் வந்தது. 09.95 என்றால் 1909. இங்கே 1970 முதல் ஆண்டை நான்கு இலக்கமாக எழுதுகிறார்கள், அதனால் குழப்பம் வராது. நான் ஒரு சின்ன நோட்டில் இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்துக்கொள்வேன்: வரைந்தது, வந்தது. நிரந்தரச் சேகரிப்பு என்பது யாரோ ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தது. எதை முதலில் எடுத்தார்கள், எதை நூறு வருஷம் கழித்து எடுத்தார்கள் என்பது அந்த இரண்டு எண்களில் தெரிந்துவிடும்.

97.34 என்பது ஓவியர் லாய்ட்ஸா வரைந்த, அமெரிக்க விடுதலைப் போரில் தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் டெலவேர் ஆற்றைக் கடக்கும் காட்சி. 1851, அகலம் ஆறு மீட்டருக்கு மேல். வரைந்த இடம் ஜெர்மனியின் டுசல்டார்ஃப். படகில் பறக்கும் கொடி 1777 ஜூனில்தான் அங்கீகாரம் பெற்றது. ஆற்றைக் கடந்ததோ 1776 டிசம்பரில். படகோட்டிகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள், அவர்களில் ஒரு கறுப்பினத்தவரும் இருக்கிறார். இதே அறையில் ஓவியர் பியர்ஸ்டாட்டின் ராக்கி மலை, ஓவியர் ஃப்ரெட்ரிக் சர்ச்சின் ஆண்டீஸ் மலை. உள்நாட்டுப் போரில் காயம்பட்ட வீரர்களுக்காக 1864இல் நியூயார்க்கில் நடந்த நிதிக் கண்காட்சியிலும் இந்த மூன்று ஓவியங்களும் இருந்தன.

ஆண்டீஸ் ஓவியத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். 1859இல் இந்த ஒரே ஓவியத்தைக் காண 25 சென்ட் கட்டணம் கொடுத்து மக்கள் வரிசையில் நின்றார்கள். நாடகம் பார்க்கும் பைனாகுலரோடு வந்தார்கள். நீங்களும் ஒரு சின்ன பைனாகுலர் கொண்டுபோங்கள், உண்மையாகவே சொல்கிறேன். இடது ஓரத்தில் வெயில் விழும் மரத்தண்டில், கத்தியால் கீறியதுபோல ஓவியரின் பெயர் இருக்கும். சற்றுத் தள்ளி ஒரு சிலுவை, அதன் முன் இரண்டு சின்ன உருவங்கள். எட்ட நின்றால் பனிமலை, கிட்டே போனால் இலை இலையாகச் செடிகள்.

கோல், ஹோமர், சார்ஜென்ட் போன்ற அமெரிக்க ஓவியர்களின் படங்கள் எல்லாம் அக்கம்பக்கத்து அறைகளில். சார்ஜென்ட் வரைந்த 'மேடம் எக்ஸ்' என்ற பெண்ணின் உருவப்படத்தை மட்டும் தவறவிடாதீர்கள். மற்றவற்றை உங்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறேன்.

இனி 20 என்று தொடங்கும் நான்கு இலக்க ஆண்டுகளைப் பதிவு எண்களில் தேடுங்கள். எனக்கு இந்தப் பிரிவில் மிக நெருக்கமான ஓவியம் 2023இல் வாங்கியது. சுமார் 1837, நியூ ஆர்லியன்ஸ். ஃப்ரே குடும்பத்தின் மூன்று வெள்ளைக் குழந்தைகள். பின்னால் மரத்தில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் பெலிசேர் என்ற பதின்வயதுப் பையன். அந்த வீட்டு அடிமை. 1900 வாக்கில் யாரோ அவன்மேல் வண்ணம் பூசி மறைத்துவிட்டார்கள். 1972இல் ஓவியம் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பல வருஷம் கிடங்கிலேயே கிடந்தது; 2005இல் விற்றுவிட்டார்கள். பிறகு சுத்தம் செய்தபோதுதான் பையன் வெளியே வந்தான். முன்னால் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டை விரலை நீட்டி அவனை மறைத்துப் பாருங்கள். சாதாரணக் குடும்பப் படமாகிவிடும். விரலை எடுங்கள். அவன் முகத்தில் இருக்கும் நிதானத்தைப் பார்த்தபின் என்னால் குழந்தைகளின் பக்கம் உடனே திரும்ப முடிவதில்லை.

அடுத்து டேவிட் டிரேக்கின் ஜாடி. தெற்குக் கரோலினாவில் அடிமையாக இருந்த குயவர் அவர். அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதே அங்கே குற்றமாக இருந்த காலத்தில், ஈரக் களிமண்ணில் தேதியும் வாசகமும் எழுதினார். ஜாடி செய்தது 1858, இங்கே வந்தது 2020. எழுத்துகள் பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் தெளிவாகத் தெரியும். நின்ற இடத்தில் நிற்காமல் சுற்றி வாருங்கள். அமெரிக்கப் பூர்வகுடியினரின் கலை எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதையும் பாருங்கள். அதை இந்தப் பிரிவுக்குள் கண்காட்சியாக வைத்ததே 2018இல்தான், பிரிவு திறந்ததோ 1924இல்.

நிரந்தரச் சேகரிப்பு என்றாலும் எல்லாம் எப்போதும் சுவரில் இருக்காது. இரவல் போயிருக்கலாம், சீரமைப்பில் இருக்கலாம். முந்தின நாளே அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடுங்கள். காட்சியில் இருந்தால் அறை எண் காட்டும். காட்சியில் இல்லாவிட்டால் இடைத்தளத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கும் சேமிப்பு அலமாரிகளையும் ஒரு பார்வை பாருங்கள். ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். குறிப்பெடுக்கப் பென்சில் கொண்டுபோங்கள். புதன்கிழமை விடுமுறை, வெள்ளி, சனியில் இரவு 9 வரை திறந்திருக்கும். நியூயார்க் மாநிலத்தில் வசிப்பவர்களும், நியூ ஜெர்சி, கனெக்டிகட் மாணவர்களும் அடையாள அட்டையைக் காட்டினால் தங்களால் முடிந்ததைக் கட்டணமாகக் கொடுக்கலாம்.