ஒரு மாநில செனட் தொகுதியின் தேர்தல் வரலாற்றைப் படிப்பது எப்படி: வர்ஜீனியா 32ஐ வைத்து ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டுக்கு ஒரே தொகுதியிலிருந்து அடுத்தடுத்துத் தேர்வான சுகாஸ் சுப்ரமணியம், கண்ணன் ஸ்ரீனிவாசன் என்ற பெயர்களைச் செய்தியில் பார்த்துவிட்டு, "வர்ஜீனியா மாநில செனட்டின் 32ஆம் தொகுதி எப்படிப்பட்டது, யார் யார் அங்கே ஜெயித்திருக்கிறார்கள்" என்று தேடுபவர்கள் நிறையப் பேர் உண்டு. தேடினால் வருவது ஒரு நீளமான பட்டியல்: ஆண்டு, பெயர், கட்சி, சதவீதம். அதை அப்படியே மேலிருந்து கீழே படித்தால் தவறான முடிவுக்குத்தான் வருவீர்கள். எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்று சொல்கிறேன், இதே முறை அமெரிக்காவின் வேறு மாநிலங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் எல்லைக்கோட்டைப் பாருங்கள், பெயர்களை அப்புறம் பார்க்கலாம். 10 ஆண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் தொகுதிகள் மறுவரையறை செய்யப்படும். வர்ஜீனியாவில் 2020இல் வாக்காளர்கள் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு ஒப்புதல் தந்து, 16 பேர் கொண்ட ஆணையம் அமைந்தது. அந்த ஆணையத்தில் கட்சிகளுக்குள் உடன்பாடே வரவில்லை, வேலை மாநில உச்ச நீதிமன்றத்திடம் போனது. நீதிமன்றம் பெர்னார்ட் கிராஃப்மன், ஷான் ட்ரெண்டே என்ற இரண்டு வல்லுநர்களை நியமித்து வரைபடம் தயாரிக்கச் சொல்லி, 2021 டிசம்பர் 28 அன்று அதை இறுதி செய்தது. பதவியில் இருப்பவர்களின் வீடு எங்கே என்பதைப் பொருட்படுத்தாமல் அவர்கள் கோடு போட்டார்கள். அதனால் பல உறுப்பினர்கள் ஒரே தொகுதிக்குள் மாட்டிக்கொண்டார்கள், எண்களும் கலைந்து போயின.

32ஐப் பொறுத்தவரை இதன் விளைவு மிகப் பெரியது. 2024 தொடக்கம் வரை 32 என்றால் ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), ரெஸ்டன் பக்கம். 1992 முதல் அந்த இடத்தில் இருந்தவர் ஜனநாயகக் கட்சியின் ஜேனட் ஹாவல். இன்றைய 32 லவுடன் கவுண்டியின் கிழக்குப் பகுதி. ஆக ஹாவல் 30 ஆண்டுக்கு மேல் வாங்கிய வாக்குகளுக்கும் இன்றைய தொகுதியின் வாக்காளர்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் பட்டியலில் ஹாவலுக்கு அடுத்த வரியில் சுப்ரமணியம் இருப்பார், ஒருவர் விட்ட இடத்தை அடுத்தவர் பிடித்ததுபோல. எண்ணைப் பின்தொடராதீர்கள், நிலத்தைப் பின்தொடருங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

நிலத்தைப் பின்தொடர்வது எப்படி? பழைய வரைபடத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இன்றைய தொகுதிக்குள் இருக்கும் ஊர்கள் முன்பு எந்த எண்ணில் இருந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். லவுடனில் அப்படித் தேடினால் முக்கியமாக இரண்டு பழைய தொகுதிகள் வரும், 13உம் 33உம். பழைய 13இல் குடியரசுக் கட்சியின் டிக் பிளாக் இருந்தார். அவர் விலகிக்கொண்டபின் 2019இல் ஜான் பெல் அதை ஜனநாயகக் கட்சிக்குக் கொண்டுவந்தார். லவுடன் எவ்வளவு வேகமாக மாறியது என்பது அந்த ஒரு தேர்தலிலேயே தெரியும்.

பழைய 33 இன்னும் சுவாரசியமானது, ஏனென்றால் அதன் முக்கியமான திருப்பங்கள் எல்லாமே நவம்பரில் இல்லாமல் ஜனவரியில் நடந்தவை. 2006 ஜனவரியில் இடைத்தேர்தல்: குடியரசுக் கட்சியின் வில்லியம் மிம்ஸ் விட்டுப்போன இடத்தை மார்க் ஹெரிங் ஜனநாயகக் கட்சிக்காகப் பிடித்தார். ஹெரிங் 2013இல் மாநில அட்டர்னி ஜெனரலாக, அதாவது அரசின் தலைமை வழக்கறிஞராகத் தேர்வானார் (மறு எண்ணிக்கைக்குப் பிறகு வித்தியாசம் வெறும் 907 வாக்குகள், மாநிலம் முழுவதற்கும்!). உடனே 2014 ஜனவரியில் மறுபடி இடைத்தேர்தல், ஜெனிஃபர் வெக்ஸ்டன் ஜெயித்தார். வெக்ஸ்டன் 2018இல் அமெரிக்க காங்கிரசுக்குப் போக, 2019 ஜனவரியில் இன்னொன்று, ஜெனிஃபர் பாய்ஸ்கோ வந்தார். பிறகு 2024இல் சுப்ரமணியம் காங்கிரசுக்குத் தேர்வானார், அதுவும் வெக்ஸ்டன் விலகிய அதே இடத்துக்கு, அதனால் 2025 ஜனவரி 7 அன்று புதிய 32க்கு இடைத்தேர்தல் வந்து கண்ணன் ஸ்ரீனிவாசன் வென்றார். லவுடனின் செனட் இடம் மேலே போவதற்கான படியாக இருந்திருக்கிறது, அதைச் சதவீதங்களை மட்டும் பார்த்தால் பிடிக்கவே முடியாது.

ஏன் ஜனவரி? வர்ஜீனியா சட்டமன்றம் ஜனவரியின் இரண்டாவது புதன்கிழமை கூடும். அதற்குள் காலி இடத்தை நிரப்ப வேண்டும் என்ற அவசரம். 2025இல் தேர்தல் செவ்வாய், கூட்டம் அடுத்த நாள் புதன். செனட்டின் 40 இடங்களில் ஜனநாயகக் கட்சிக்கு 21, எதிர்த்தரப்புக்கு 19 என்று இருந்ததால் இந்த ஓர் இடம் கைமாறியிருந்தால் 20-20 ஆகி, சமநிலையை உடைக்க வாக்களிக்கும், அப்போது குடியரசுக் கட்சியைச் சேர்ந்த துணை ஆளுநரின் வாக்கு பல விஷயங்களை முடிவு செய்திருக்கும். ஆனால் வாக்களிக்க வருபவர்கள் குறைவுதான், அந்தத் தேர்தலுக்கு முந்தைய நாள் அந்தப் பக்கமெல்லாம் பனி கொட்டியிருந்தது. எனவே இடைத்தேர்தல் முடிவைப் பொதுத்தேர்தல் முடிவோடு ஒப்பிடும்போது சதவீதத்துக்குப் பக்கத்திலேயே மொத்த வாக்குகளையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சதவீதம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2014இல் வெக்ஸ்டனுக்குக் கிடைத்தது சுமார் 53%, அவரை எதிர்த்த ஜான் விட்பெக்குக்கு 38%க்குக் கொஞ்சம் குறைவு. பெரிய வித்தியாசமாகத் தோன்றும். ஆனால் முன்பு குடியரசுக் கட்சி சார்பில் சட்டமன்றக் கீழவையில் இருந்த ஜோ மே அந்தத் தேர்தலில் சுயேச்சையாக நின்று 10% அளவுக்கு வாங்கினார். அந்த வாக்குகள் எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் தொகுதி அவ்வளவு பாதுகாப்பானதாகத் தெரியாது. மூன்றாவது பெயரைத் தாண்டிப் போய்விடாதீர்கள். எதிர்த்து யாருமே நிற்காத ஆண்டின் எண்ணை ஒப்பீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, எந்த ஆண்டோடு எதை ஒப்பிடுவது. மாநில செனட் தேர்தல் 4 ஆண்டுக்கு ஒருமுறை, 2011, 2015, 2019, 2023 என்று வரும், அந்த ஆண்டுகளில் அதிபர் தேர்தலும் கிடையாது, ஆளுநர் தேர்தலும் கிடையாது. அதிபர் தேர்தலில் மட்டும் வாக்களிக்கும் ஒரு பெரிய கூட்டம் இதில் இருக்காது. 2020 அதிபர் தேர்தலில் தபால் வாக்குகளையும் முன்கூட்டியே போட்ட வாக்குகளையும் மையமாகச் சேர்த்துத் தனி வரிசையில் காட்டியிருப்பார்கள், அதனால் அந்த ஆண்டின் வாக்குச்சாவடி வாரியான எண்களை வைத்து உங்கள் தெரு எந்தப் பக்கம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

பிரைமரியையும், அதாவது ஒரு கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலையும் விடாதீர்கள். ஒரு கட்சி பத்துக்கு ஆறு வாக்கு வாங்கும் தொகுதியில் உண்மையான போட்டி ஜூன் மாதமே முடிந்துவிடும். 2023இல் சுப்ரமணியம் முதலில் தாண்ட வேண்டியிருந்தது சொந்தக் கட்சியைச் சேர்ந்த, கீழவையின் முன்னாள் உறுப்பினர் இப்ராஹீம் சமீராவை. வர்ஜீனியாவில் வாக்காளர் எந்தக் கட்சி என்று பதிவு செய்வதில்லை, அதனால் பதிவுப் பட்டியலைப் பார்த்துக் கட்சி பலத்தைக் கணக்கிட வழியில்லை, முடிவுகளைத்தான் பார்க்க வேண்டும்.

எண்கள் எங்கே கிடைக்கும் என்றால், மாநிலத் தேர்தல் துறையின் தளத்தில் பழைய முடிவுகளுக்கென்று தனித் தரவுத்தளம் இருக்கிறது. யார் எவ்வளவு நன்கொடை வாங்கினார்கள், புதிய எல்லைக்குள் பழைய தேர்தல்கள் எப்படி விழுந்தன என்பதற்கு வர்ஜீனியா பப்ளிக் ஆக்சஸ் ப்ராஜெக்ட் தளம் போதும். இரண்டையும் திறந்து வைத்து, உங்கள் அட்டவணையில் எண்ணுக்குப் பதிலாக முதல் பத்தியில் ஊர்ப் பெயரைப் போடுங்கள், அடுத்த பத்தியில் அந்த ஆண்டு அந்த ஊர் இருந்த தொகுதி எண், பிறகு மாதம், மொத்த வாக்கு, வேட்பாளர்கள். 2027 நவம்பரில் 40 இடங்களுக்கும் மறுபடி தேர்தல் வரும்போது அந்த அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் போதும்.