3,35,50,336: ஒரு பெரிய எண்ணைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சத்து ஐம்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தாறு. சும்மா பார்த்தால் ஏதோ வங்கிக் கணக்கின் இருப்புத் தொகை மாதிரி இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க செல்போன் கால்குலேட்டரும் ஒரு தாளும் போதும்.

படி 1: இரண்டால் வகுத்துக்கொண்டே போங்கள்

1,67,75,168, அப்புறம் 83,87,584, அப்புறம் 41,93,792... ஒற்றைப்படை எண் வரும்வரை நிறுத்தாதீர்கள். 12 முறை வகுபட்டு 8191 மிஞ்சும். அதாவது நம் எண் 2¹² × 8191.

படி 2: 8191 பகா எண்ணா?

வழக்கமான வழியில், வர்க்கமூலம் 90-ஐ ஒட்டி வருவதால் அதற்குள் இருக்கும் 24 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவு பாடு தேவையில்லை. 8191 என்பது 2¹³ − 1. அடுக்கில் இருக்கும் 13 பகா எண். இப்படி அமைந்தால், 8191-இன் பகாக் காரணி எதுவானாலும் அதை 26-ஆல் (13-இன் இரு மடங்கு) வகுக்கும்போது மீதி 1 வந்தே தீரும். 90-க்குள் அப்படி இருப்பவை 27, 53, 79. இவற்றில் 27 பகா எண் அல்ல. 53-ஆல் வகுத்தால் மீதி 29, 79-ஆல் வகுத்தால் மீதி 54. முடிந்தது, 8191 பகா எண்தான்.

அடுக்கு பகா எண்ணாக இருந்தாலே போதும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 2¹¹ − 1 = 2047 = 23 × 89. சோதிக்காமல் நம்பக் கூடாது.

படி 3: வகுத்திகள் எத்தனை?

2-இன் அடுக்கு 0 முதல் 12 வரை, 13 வழிகள். 8191 இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆக 13 × 2 = 26.

படி 4: அவற்றைக் கூட்டுங்கள்

1 + 2 + 4 + ... + 4096 = 8191. இதை (1 + 8191)-ஆல் பெருக்கினால் 6,71,00,672. இதிலிருந்து நம் எண்ணையே கழித்தால், மறுபடியும் 3,35,50,336!

தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை தானாகவே இருக்கும் எண்ணை செவ்விய எண் என்பார்கள். 6, 28, 496, 8128 ஆகியவற்றுக்கு அடுத்து வரும் ஐந்தாவது இது. 2ᵖ − 1 பகா எண்ணானால் அதை 2ᵖ⁻¹-ஆல் பெருக்கக் கிடைப்பது செவ்விய எண் என்று யூக்ளிட் நிறுவினார். இரட்டைப்படைச் செவ்விய எண்கள் எல்லாமே இந்த வகைதான் என்று காட்டியவர் ஆய்லர். ஒற்றைப்படையில் ஒன்றாவது உண்டா என்பதற்கு இன்றுவரை விடை இல்லை.

படி 5: இலவச இணைப்புகள்

1 முதல் 8191 வரை கூட்டினாலும் இதே எண்தான், எனவே முக்கோண எண். இரும முறையில் எழுதினால் 13 ஒன்றுகள், பின்னால் 12 பூஜ்ஜியங்கள். எனக்கு மிகவும் பிடித்தது இது: 1³ + 3³ + 5³ + ... + 127³ = 3,35,50,336.

பயிற்சிக்கு

கி.பி. 100 வாக்கில் வாழ்ந்த கிரேக்கக் கணித அறிஞர் நிக்கோமாக்கஸ், செவ்விய எண்கள் 6, 8 என மாறி மாறி முடியும் என்றும், ஒவ்வொரு இலக்க அளவுக்கும் ஒன்று வரும் என்றும் சொன்னார். ஐந்தாவது எண்ணுக்கே எட்டு இலக்கம் என்பதால் இரண்டாவது கூற்று அடிபட்டது. முதல் கூற்றை உடைப்பது ஆறாவது எண்ணான 8,58,98,69,056. இதை 16 முறை இரண்டால் வகுத்தால் 1,31,071 மிஞ்சும், அது 2¹⁷ − 1. இம்முறை 34-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்களைத் தேடுங்கள். நான்கே நான்கைச் சோதித்தால் போதும்.