18 வயதுக்குப் பின் யார் துணை? அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு இப்போதே செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு 18 வயது வரை ஏதாவது ஒரு வாசல் திறந்திருக்கும். அரசு மருத்துவமனையில் ஆரம்ப நிலை இடையீட்டு மையம் இருக்கிறது. ஒன்றியம்தோறும் வட்டார வள மையமும் அங்கே சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள். பள்ளிக்கு வர இயலாத பிள்ளைக்கு வீட்டிலேயே பயிற்சி தருகிறார்கள். 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்பது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தந்த உரிமை. 18 முடிந்ததும் இவற்றில் பெரும்பாலானவை நின்றுபோகின்றன. அதே நாளில் பிள்ளை சட்டப்படி மேஜர் ஆகிவிடுகிறார். பெற்றோர் என்ற ஒரே காரணத்தால் அவருக்காகக் கையெழுத்துப் போட்டுவந்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது. இது பல குடும்பங்களுக்கு வங்கி கவுன்டரில் நிற்கும்போதுதான் தெரியவருகிறது.

எனவே வேலையை 16 வயதில் தொடங்குங்கள். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது நகரும் என்பதால் வரிசையும் முக்கியம்.

முதலில் ஆதாரும் பெயரும்

15 வயதில் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 17 வயதுக்குள் செய்தால் கட்டணம் இல்லை. இதை விட்டுவிட்டால் பின்னர் வங்கியிலும் ரேஷன் கடையிலும் விரல் வைக்கும்போது பதிவு பொருந்தாது. கை விறைப்பாலோ, கண்ணை நிலையாக வைக்க முடியாததாலோ பதிவு எடுக்க முடியாதவர்களுக்கு விதிவிலக்குப் பதிவு உண்டு. அதைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போவது பிள்ளைக்கும் நல்லது, பதிவு எடுப்பவருக்கும் நல்லது.

பிறப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, மாற்றுத்திறனாளி அட்டை நான்கையும் மேசையில் பரப்பிப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். நம் ஊரில் இன்ஷியல்தான் பெரிய தொல்லை. ஒன்றில் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால், இன்னொன்றில் அப்பாவின் முழுப் பெயரே ஒட்டியிருக்கும். விண்ணப்பங்கள் திரும்பிவர இதுவே அடிக்கடி காரணமாகிறது. பிறப்புச் சான்றில் உள்ளபடி மற்ற மூன்றையும் மாற்றிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

தனித்துவ அடையாள அட்டை

மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையைத்தான் யுடிஐடி என்கிறார்கள். இதற்கு ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சிறு வயதில் பெற்ற சான்று பெரும்பாலும் தற்காலிகமானது. உங்களிடம் உள்ளதில் காலாவதித் தேதி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். காலாவதியான அட்டையோடு கீழே சொல்லும் எந்த வேலையும் நடக்காது.

இந்த அட்டைக்கான குறைபாட்டு மதிப்பீட்டுக்குப் போகும்போது, பிள்ளையோடு அன்றாடம் இருப்பவரே உடன் போக வேண்டும். அறிவுசார் குறைபாட்டை அளக்கையில் நுண்ணறிவுச் சோதனையோடு வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலையும் பயன்படுத்துகிறார்கள். அதன் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர் பெற்றோர்தான். ஆட்டிசத்துக்கு ஐசா என்ற 40 கேள்வி கொண்ட இந்திய அளவுகோல் இருக்கிறது. இங்கே நடக்கும் தவறு ஒன்று உண்டு. "தானாகக் குளிப்பானா?" என்று கேட்டால், பிள்ளையை விட்டுக்கொடுக்க மனமில்லாத தாய் "குளிப்பான்" என்கிறார். தண்ணீரின் சூட்டைப் பார்த்து, சோப்பைக் கையில் கொடுத்து, "முதுகைத் தேய்" என்று நான்கு முறை சொல்வது அவர்தான். அந்த ஒரு சொல்லால் சான்றில் குறைபாட்டின் சதவீதம் குறையும், உதவித்தொகை கைவிட்டுப் போகும். ஆகவே போவதற்கு ஒரு வாரம் முன்பே பல் தேய்ப்பது, உடை மாற்றுவது, கழிப்பறை, சாப்பாடு, சாலை கடப்பது, பணம் எண்ணுவது என ஒவ்வொன்றுக்கும் நேராக "தானே செய்கிறார்", "சொன்னால் செய்கிறார்", "கைபிடித்தால் செய்கிறார்", "செய்வதில்லை" என்று எழுதி, அந்தத் தாளை எடுத்துப் போங்கள். கூட்டிச் சொல்லவும் வேண்டாம், குறைத்துச் சொல்லவும் வேண்டாம்.

பராமரிப்பு உதவித்தொகை

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக மாதம் 2,000 ரூபாய் கிடைக்கும். அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதம் இருந்தால் போதும். பணம் வங்கிக் கணக்குக்கே வருவதால், 18 வயதில் கணக்கு முடங்கினால் பணத்தை எடுக்க முடியாமல் போகும். அதனால்தான் அடுத்த பகுதியை நிதானமாகப் படிக்கச் சொல்கிறோம்.

பாதுகாவலர் சான்று: யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் பொருந்தும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள உள்ளூர்க் குழு, 18 முடிந்தவருக்குச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்கிறது. குழுவில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் இருப்பார்கள். நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

விண்ணப்பிக்கும் முன் ஒரு கேள்வி: உங்கள் பிள்ளைக்குப் பாதுகாவலர் உண்மையிலேயே தேவையா? மூளை முடக்குவாதம் உள்ள பலருக்குப் பேச்சு தெளிவில்லாமல் இருக்கலாம், ஆனால் அறிவில் எந்தக் குறையும் இருக்காது. அவர்களுக்கும் "எதற்கும் இருக்கட்டும்" என்று பாதுகாவலர் வாங்கிவைத்தால், தன் கணக்கைத் தானே நடத்தக்கூடிய ஒருவரிடமிருந்து அந்த உரிமையைப் பறிக்கிறோம். லேசான அறிவுசார் குறைபாடுள்ளவர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, வங்கியில் கேட்பதைப் புரிந்துகொண்டு பதில் சொல்வார் என்றால், அவர் பெயரிலேயே கணக்கைத் தொடர முதலில் முயலுங்கள். குறிப்பிட்ட ஒரு முடிவுக்கு மட்டும், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்ற வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறையும் 2016 சட்டத்தின் 14-ஆம் பிரிவில் இருக்கிறது. எதைச் செய்தாலும் பிள்ளையிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். படம் காட்டியோ சைகையிலோ சொன்னாலும் போதும்.

தேவை என்று முடிவானால், படிவம் 'ஏ'-யில் விண்ணப்பிக்க வேண்டும். உடன் யுடிஐடி அட்டை, வயதுச் சான்று, பிள்ளை, பாதுகாவலராகப் போகிறவர் இருவரின் ஆதார், புகைப்படங்கள், உறவுமுறைக்கான ஆவணம் ஆகியவற்றை இணையுங்கள். தாயும் தந்தையும் உயிருடன் இருந்து ஒருவர் மட்டும் விண்ணப்பித்தால் மற்றவரின் எழுத்து மூலமான சம்மதத்தையும், உடன்பிறந்தவர்கள் மேஜராக இருந்தால் அவர்களுடைய சம்மதத்தையும் சேர்த்துவிடுங்கள். விசாரணையின்போது குழு பெரும்பாலும் கேட்பது இதுதான். பெற்றோர் பிரிந்து வாழும் குடும்பங்களில் இங்கேதான் மாதக்கணக்கில் தேங்கும். நிலையை ஒளிக்காமல் விண்ணப்பத்திலேயே எழுதுவது நல்லது. நியமன ஆணை படிவம் 'பி'-யில் வரும். வங்கிகள் இந்தச் சான்றை ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. கிளையில் மறுத்தால் "ஏற்க இயலாது என்று எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் அதன்பிறகு மேலாளர் கோப்பைப் படித்துப் பார்ப்பார்.

சான்று வாங்கிய பிறகு பலரும் மறப்பது கணக்கு ஒப்படைப்பை. நியமித்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் பிள்ளையின் பெயரில் உள்ள சொத்து, கடன் பட்டியலைக் குழுவுக்குத் தர வேண்டும். அதன்பின் ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த 3 மாதத்துக்குள், அதாவது ஜூன் 30-க்குள், வரவு செலவுக் கணக்கைத் தர வேண்டும். உதவித்தொகை மட்டும்தான் வருமானம் என்றாலும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

வாக்காளர் அட்டையையும் 18-இல் வாங்கிவிடுங்கள். நீதிமன்றம் சித்த சுவாதீனமற்றவர் என்று அறிவித்திருந்தால் மட்டுமே பெயர் சேர்க்கத் தடை. அறிவுசார் குறைபாடு அதற்குக் காரணமாகாது.

நிராமயா காப்பீடு

இது மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் மருத்துவக் காப்பீடு. மேலே சொன்ன நான்கு குறைபாடுகளுக்கும் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. சேரும் முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. புறநோயாளிச் செலவும் பேச்சுப் பயிற்சி, இயன்முறைப் பயிற்சி போன்றவையும் இதில் அடங்கும், முதலமைச்சர் காப்பீட்டில் இவை வருவதில்லை. ஆகவே இரண்டும் வேண்டும். சேரும் கட்டணம் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500. காப்பீட்டு ஆண்டு மார்ச் 31-இல் முடிகிறது, பிப்ரவரியிலேயே புதுப்பித்துவிடுங்கள்.

நாம் செலவழித்துவிட்டுத் திரும்பப் பெறும் முறை இது. பில்லில் பெற்றோர் பெயர் இருப்பது, தேதி இல்லாதது, பயிற்சியாளரின் முத்திரையும் பதிவெண்ணும் இல்லாதது, மருத்துவர் அந்தப் பயிற்சியைப் பரிந்துரைத்த சீட்டு இணைக்காதது ஆகியவற்றால்தான் கோரிக்கைகள் நிராகரிக்கப்படுகின்றன. பயிற்சி நடந்த ஒவ்வொரு நாளையும் குறித்து மாதக் கடைசியில் ரசீது வாங்குங்கள். மூலப் பில்லை அனுப்பும் முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பகல் நேர மையத்தைத் தேர்ந்தெடுப்பது

தேசிய அறக்கட்டளையின் திஷா-விகாஸ் பகல்நேர மையங்கள், தங்குமிடத்துக்கான சமர்த்-கரோண்டா திட்டம், அரசு உதவி பெறும் தொழிற்பயிற்சி மையங்கள், தனியார் சங்கங்கள் என்று பல வகை உண்டு. 'உரிமைகள்' என்ற திட்டத்தில் தமிழக அரசு தொடங்கிவரும் 'விழுதுகள்' ஒருங்கிணைந்த சேவை மையங்களில் பயிற்சிகளும் வழிகாட்டலும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. உங்கள் பகுதியில் எது இருக்கிறது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். பல்வகைக் குறைபாடு இருந்தால் ஒருமுறையாவது சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனத்தில் முழு மதிப்பீடு செய்துகொள்வது பயன் தரும்.

மையத்தை விழா நாளில் போய்ப் பார்க்காதீர்கள். சாதாரண நாளில், காலை 11 மணிக்குப் போங்கள். அங்கிருக்கும் 25 வயதுக்காரர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வட்டத்துக்குள் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தால் அது பள்ளியின் தொடர்ச்சிதான். காய் நறுக்குவது, கவர் ஒட்டுவது, தோட்ட வேலை, கடைக்குப் போய்ப் பொருள் வாங்கிவருவது நடந்தால் அது பெரியவர்களுக்கான இடம். கழிப்பறையில் உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? பெண்களுக்கு உதவப் பெண் ஊழியர் மட்டும்தானா? மருந்து கொடுத்ததை நேரம் போட்டு எழுதுகிறார்களா? மையத்தின் பதிவுச் சான்றையும், சிறப்பாசிரியர்களின் இந்திய மறுவாழ்வுக் கழகப் பதிவையும் கேளுங்கள். முன்னறிவிப்பின்றிப் பெற்றோர் வரலாமா என்று கேட்டால் தயங்கும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

தெருவும் உறவும்

மேலே சொன்னவை எல்லாம் காகிதம். அம்மா வழுக்கி விழுந்து கால் முறிந்த இரவில் வந்து நிற்பவர் மனிதர். அந்த மனிதர்களை இப்போதே சேர்க்க வேண்டும், இதைத்தான் குடும்பங்கள் கடைசிவரை தள்ளிப்போடுகின்றன. நான்கைந்து பேர் போதும். ஒரு சித்தி அல்லது மாமா, ஒத்த வயதுள்ள உறவுப் பிள்ளை, பக்கத்து வீட்டார், மருந்துக்கடைக்காரர், இதே நிலையில் உள்ள இன்னொரு குடும்பம். "ஏதாவது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை மாலை 5 மணிக்கு அவனைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் 6 மணிக்குக் கொண்டுவந்து விட முடியுமா?" என்று கேளுங்கள். சிறிய, நேரம் குறித்த உதவி நிலைக்கும்.

அவர்கள் கையில் கொடுக்க ஒரு பக்கத் தாள் எழுதுங்கள். பசித்தால், வயிறு வலித்தால், பயந்தால் எப்படிக் காட்டுவார். எந்தச் சத்தம் ஆகாது. எதைச் செய்தால் அமைதியாவார். சாப்பாட்டை எப்படிப் பிசைய வேண்டும். மருந்தின் பெயர், அளவு, நேரம். "கோபக்காரன்" என்று எழுதாதீர்கள், "குக்கர் விசில் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவார், வேறு அறைக்குக் கூட்டிப்போனால் 10 நிமிடத்தில் சரியாவார்" என்று எழுதுங்கள். வலிப்பு வருமென்றால் தனியாக எழுதுங்கள்: ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயன் இல்லை, 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழையுங்கள். வலிப்பு மருந்தை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.

பிறகு ஒத்திகை. முதலில் சித்தி உங்கள் வீட்டில் வந்து தங்கட்டும், நீங்கள் மாலையில் மட்டும் வெளியே போங்கள். அடுத்து, பிள்ளை சித்தி வீட்டில் ஓர் இரவு. சரியாகப் போனால் சில மாதங்கள் கழித்து இரண்டு இரவுகள். தலையணை, போர்வை, வழக்கமான தட்டு உடன் போகட்டும். முதல் இரவு தூங்காமல் இருப்பது இயல்பு, அதைப் பார்த்துக் கைவிடாதீர்கள். சாவு வீட்டு இரவில் முதன்முறையாக வேறொருவரிடம் விடப்படும் பிள்ளை, தாயை இழந்த அதே நேரத்தில் படுக்கையையும் பழக்கத்தையும் இழக்கிறது. அந்தக் கொடுமையைத் தவிர்க்கவே இத்தனையும்.

பணம்

அரசுப் பணியில் இருப்பவர்கள், பணியில் இருக்கும்போதே பிள்ளையின் பெயரையும் குறைபாட்டையும் குடும்ப விவரப் படிவத்தில் பதிவு செய்யுங்கள். சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் வயது வரம்பின்றிக் கிடைக்கும், ஆனால் பெற்றோர் இறந்தபின் நிரூபிப்பது கடினம். வீட்டை "அண்ணன் பார்த்துக்கொள்வான்" என்று அண்ணன் பெயருக்கே எழுதிவிட்டால், பின்னாளில் கேட்க யாருக்கும் பிடி இருக்காது. பாதுகாவலர் இல்லாத நிலையில் பிள்ளையின் பெயருக்கே எழுதினால் அதை யாரும் நிர்வகிக்க முடியாது. தனியார் அறக்கட்டளை அமைத்து, இரண்டு மூன்று பேரைப் பொறுப்பாளராகப் போட்டு, உயிலில் அதைக் குறிப்பிடுவது பாதுகாப்பான வழி. இதற்கு மட்டும் வழக்கறிஞரைப் பாருங்கள்.

மறுக்கப்பட்டால்

வாய்ச்சொல்லாக வரும் மறுப்பை ஏற்காதீர்கள். மனுவாக எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். அதற்கும் பதில் இல்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம். முந்தைய மனுக்களின் எண்ணையும் தேதியையும் முதல் பத்தியிலேயே குறிப்பிட்டு, நகல்களை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.