சுடாத ஏர்சாஃப்ட் துப்பாக்கி: கழற்றுவதற்கு முன்பே செய்துவிடும் தவறுகள்

சிறிய பிளாஸ்டிக் குண்டுகளைக் காற்றழுத்தத்தால் சுடும் விளையாட்டுத் துப்பாக்கியான எலெக்ட்ரிக் ஏர்சாஃப்ட் துப்பாக்கி திடீரென்று சுட மறுத்தால் பலருக்கும் கை நேராக ஸ்க்ரூடிரைவருக்குத்தான் போகிறது. கியர்பாக்ஸுக்குள் (மோட்டாரால் சுற்றும் கியர்கள் பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து ஸ்பிரிங்கை அழுத்தி விடும் பெட்டி அது) ஏதோ உடைந்துவிட்டது என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதியாகிவிடும். கோளாறோ பல சமயம் வெளியேதான் உட்கார்ந்திருக்கும்: கனெக்டரில், ஃபியூஸில், பாதி வழியில் நிற்கும் செலக்டரில் (பூட்டு, சிங்கிள் ஷாட், முழு ஆட்டோ என்று மாற்றும் நெம்புகோல்). நன்றாக இருந்த கியர்பாக்ஸைத் திறந்து, உள்ளே இருந்த மெல்லிய வாஷர்களைத் தொலைத்து, இல்லாத கோளாறை உண்டாக்கிக்கொண்டவர்கள் ஏராளம்.

அதற்கும் முன்னால் ஒரு தவறு இருக்கிறது. மேகசினைக் கழற்றியதும் துப்பாக்கி காலி என்று நினைத்துவிடுவது. ஹாப்-அப் (குண்டுக்குப் பின்சுழற்சி கொடுக்கும் ரப்பர் அமைப்பு) சேம்பருக்குள் ஒரு குண்டு தங்கியிருக்கலாம். பிஸ்டன் பாதி வழியில் நின்று, ஸ்பிரிங் அழுந்திய நிலையிலேயே இருக்கவும் வாய்ப்புண்டு. நீங்கள் எதையோ நெம்பும்போது அந்த ஸ்பிரிங் விடுபட்டால் குண்டு வெளியே பாயும். ஆகவே மேகசினைக் கழற்றுங்கள், பேட்டரி இணைப்பை எடுங்கள், கண் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். எங்கே அடைத்திருக்கிறது என்று பாரல் முனையில் கண்ணை வைத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

சத்தத்தைக் கேட்காமல் இருப்பது

இதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். ட்ரிகரை இழுத்தால் துப்பாக்கி நான்கில் ஒரு விதமாகப் பதில் சொல்லும். மூச்சுப்பேச்சே இல்லாமல் கிடக்கும்; அல்லது 'டிக்' என்றோ 'ங்ங்' என்றோ முனகிவிட்டு நின்றுவிடும்; அல்லது மோட்டார் கீச்சென்று வேகமாகச் சுற்றும், ஆனால் காற்று வராது; அல்லது சத்தம், காற்று எல்லாம் சரியாக இருக்கும், குண்டு மட்டும் வராது. இந்த நான்குக்கும் காரணங்கள் வேறு வேறு. எது என்று தெரிந்துகொள்ளாமல் குருட்டாம்போக்கில் பாகங்களை மாற்றினால் பணம்தான் வீண்.

சத்தமே இல்லையென்றால் மின்சாரம் மோட்டாரை எட்டவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். முதலில் செலக்டரைப் பாருங்கள். பூட்டுக்கும் சிங்கிள் ஷாட்டுக்கும் நடுவில் நின்றால் பல துப்பாக்கிகள் சுடாது. குண்டு தீர்ந்ததும் தானாக நின்றுவிடும் அமைப்பு கொண்டவையும் உண்டு. டோக்கியோ மருய் நிறுவனத்தின் நெக்ஸ்ட் ஜென் எம்4 வரிசை அப்படித்தான். காலி மேகசினைப் போட்டுவிட்டுக் கோளாறு தேடுவது வீண் வேலை.

அடுத்தது பேட்டரி. "இப்போதுதான் சார்ஜ் போட்டேன்" என்ற பேச்சை நம்பாதீர்கள், அதைச் சொல்வது நீங்களே ஆனாலும். சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது என்பதற்காக பேட்டரி நிறைந்துவிட்டதாக அர்த்தமில்லை. மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 7.4 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி முழுதாக நிறைந்தால் 8.4 வோல்ட் காட்டும், 11.1 வோல்ட் என்றால் 12.6. ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்த பேட்டரியை மீட்கப் பார்க்காதீர்கள். உப்பியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், அப்புறப்படுத்துங்கள். மீட்டரிலும் ஒரு ஏமாற்று உண்டு: பழைய பேட்டரி சும்மா இருக்கும்போது சரியான வோல்ட்டேஜ் காட்டிவிட்டு, மோட்டார் இழுத்ததும் தொப்பென்று விழும். வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த இன்னொரு பேட்டரியை மாட்டிப் பார்ப்பதுபோல எளிய சோதனை வேறில்லை. ஆட்டம் முடிந்தபின் பேட்டரியைத் துப்பாக்கியிலேயே விட்டுவைக்கும் பழக்கம்தான் இந்தச் சாவுகளில் பாதிக்குக் காரணம் என்பது என் சந்தேகம். மாஸ்ஃபெட் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்னணுச் சுவிட்ச்) உள்ள துப்பாக்கி சும்மா கிடக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கக்கூடும்.

பேட்டரி நலம் என்றால் வயரைப் பின்தொடருங்கள். டமியா வகைக் கனெக்டரில் உள்ளிருக்கும் பின் பின்னோக்கித் தள்ளப்பட்டு, வெளியே பார்க்க இணைந்ததுபோல் தெரியும், உள்ளே தொட்டிருக்காது. இடமில்லாத ஸ்டாக்குக்குள்ளோ கைப்பிடிக்குள்ளோ பேட்டரியை அமுக்கித் திணிக்கும்போது வயர் நசுங்குவதும் அடிக்கடி நடக்கும். ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். மல்டிமீட்டரின் தொடர்ச்சி சோதனையில் 'பீப்' வந்தால்தான் நம்பலாம். போன ஃபியூஸின்மேல் அலுமினியத் தாளைச் சுற்றி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். லிப்போ பேட்டரி பக்கத்தில் இருக்கும் இடத்தில் அது தீக்கு வைக்கும் அழைப்பு. ஃபியூஸ் சும்மா போவதில்லை. அதே ஆம்பியர் அளவில் புதிது போடுங்கள், அதுவும் போனால் எங்கோ ஷார்ட் ஆகிறது அல்லது மோட்டார் எதிலோ சிக்கியிருக்கிறது.

பிறகு பிஸ்டல் கிரிப்பின் அடித்தட்டைக் கழற்றி, மோட்டார் முனைகளில் வயர்கள் செருகியிருக்கின்றனவா என்று பாருங்கள். அதிர்விலேயே கழன்றுவிடும் சனியன்கள் அவை. இத்தனைக்கும் பிறகும் அமைதி நீடித்தால்தான் ட்ரிகர் கான்டாக்ட் கருகியிருக்குமோ என்ற பேச்சு. மாஸ்ஃபெட் இல்லாத துப்பாக்கியில் 11.1 வோல்ட் பேட்டரி போட்டு ஓட்டினால், ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் தீப்பொறி பறந்து அந்தச் செம்புத் தகடுகள் கருத்துப்போகும். மாஸ்ஃபெட் இருந்தால், அது தன் பாதுகாப்பு நிலைக்குப் போய் நிறுத்தியிருக்கலாம். பேட்டரியைக் கழற்றி மறுபடி மாட்டிப் பாருங்கள், 'பீப்' சத்தம் எத்தனை முறை வருகிறது என்பதைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள்.

சிங்கிள் ஷாட்டில் பூட்டிக்கொள்வது

இதற்குத் தனியாக இடம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் ஒன்றுமே கெடாத துப்பாக்கியைப் பிரிக்கவைப்பதில் இதுதான் முதலிடம். சிங்கிள் ஷாட்டில் ஒவ்வொரு குண்டு போனதும், பிஸ்டனை இழுக்கும் செக்டர் கியரில் உள்ள ஒரு மேடு கட்-ஆஃப் லீவரைத் தூக்கி, ட்ரிகரை மின்தொடர்பிலிருந்து விடுவித்துவிடும். அப்படித்தான் ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு. பேட்டரி தளர்ந்திருந்தாலோ ஸ்பிரிங் கடினமாக இருந்தாலோ, கியர் அந்த மேட்டிலேயே நின்றுவிடும். லீவர் தூக்கியபடியே இருக்கும். எத்தனை முறை இழுத்தாலும் ட்ரிகர் எதையும் தொடாது, துப்பாக்கி செத்ததுபோல் கிடக்கும்.

தீர்வு என்னவோ சின்னதுதான். ட்ரிகரை விட்டுவிட்டு, செலக்டரை முழு ஆட்டோவுக்கு மாற்றி, பாதுகாப்பான பக்கம் காட்டி ஒரு சின்ன இழுப்பு. கியர் சுற்றி இடத்துக்கு வந்துவிடும். திரும்பத் திரும்பப் பூட்டினால் பேட்டரிதான் கூப்பிடுகிறது.

முனகும்போதும் இழுத்துக்கொண்டே இருப்பது

'ங்ங்' என்று முனகி நிற்கும் மோட்டாரை விடாமல் இழுத்தால், சுற்ற முடியாத மோட்டார் மிக அதிகமான மின்சாரத்தை உறிஞ்சிச் சூடாகும். வயர் உருகவும் கூடும். உடனே விரலை எடுங்கள். பலவீனமான பேட்டரியா என்று முதலில் பாருங்கள். மோட்டார் உயரம் அதிகமாகி அதன் முனையிலுள்ள பினியன் கியர், கியர்பாக்ஸின் முதல் கியரான பெவல் கியரை அழுத்திப் பிடித்திருந்தாலும் இப்படித்தான் முனகும்.

அண்மையில் கனெக்டரையோ மோட்டாரையோ மாற்றினீர்களா? சிவப்பும் கறுப்பும் இடம் மாறிப் போயிருக்கலாம். மோட்டார் பின்பக்கமாகச் சுற்றப் பார்க்கும், கியர்கள் பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் ஆன்டி-ரிவர்ஸல் லேட்ச் விடாது. மாஸ்ஃபெட் இருந்தால், பேட்டரி பக்கத்துத் தலைகீழ் இணைப்பு ஒன்றே அதைக் கொன்றுவிடக்கூடும்.

மோட்டார் கீச்சென்று வெறுமனே சுற்றினால், பினியன் பெவல் கியரைத் தொடவில்லை என்பது முதல் சந்தேகம். கிரிப்பின் அடியில் உள்ள உயரத் திருகைக் கால் சுற்று, கால் சுற்றாக முறுக்கிச் சோதியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பிஸ்டனின் பல்லோ கியரின் பல்லோ போய்விட்டது. அது திறந்துதான் ஆக வேண்டிய வேலை.

காற்று வந்து குண்டு வராவிட்டால் மேகசினைப் பாருங்கள். ஹை-கேப் (நிறைய குண்டு கொள்ளும்) மேகசினுக்குச் சாவி கொடுக்க மறந்திருப்பீர்கள், அல்லது மேகசின் சரியாக உள்ளே பூட்டியிருக்காது. ஹாப்-அப்பை அளவுக்கு மீறித் திருகினாலும் குண்டு அங்கேயே நிற்கும். தரையில் பொறுக்கிய குண்டுகளை மறுபடி போடுவது சிக்கனம் அல்ல, 5.95 மில்லிமீட்டர் குண்டு போக வேண்டிய பாரலில் மண் துகளுக்கு இடமில்லை. அடைத்துக்கொண்டால் சுட்டே வெளியேற்றப் பார்க்காமல், ஹாப்-அப்பைத் தளர்த்தி, பேட்டரி கழன்ற நிலையில், பிளாஸ்டிக் சுத்தக்கோலால் முனையிலிருந்து மெதுவாகத் தள்ளுங்கள். இரும்புக் கம்பி பாரலின் உட்புறத்தைக் கீறிவிடும். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை உள்ளே அடித்தால் ஹாப்-அப் ரப்பர் உப்பிக் கெடும். வேண்டுமானால் ஒரு சொட்டு சிலிக்கான் எண்ணெய், அவ்வளவே.

திறந்துதான் ஆக வேண்டுமென்றால்

உத்தரவாதக் காலம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்பிரிங் அழுந்திய நிலையில் கியர்பாக்ஸைப் பிரிப்பது ஆபத்து: ஸ்பிரிங் கைடு முகத்தை நோக்கிப் பாயும். ஆன்டி-ரிவர்ஸல் லேட்சை விடுவித்து அழுத்தத்தை இறக்கிவிட்டே மேல் ஓட்டைத் தூக்க வேண்டும். எம்4, எம்பி5 போன்றவற்றில் இருக்கும் வெர்ஷன் 2-க்கும் ஏகே, ஜி36 போன்றவற்றில் இருக்கும் வெர்ஷன் 3-க்கும் உள்ளமைப்பு மாறும், ஆகவே யாரோ வேறு துப்பாக்கியில் செய்ததைப் பார்த்து அப்படியே செய்யாதீர்கள். ஒவ்வொரு படியிலும் புகைப்படம் எடுங்கள். கியர் அச்சுகளில் இருக்கும் மெல்லிய வாஷர்கள் எந்தக் கியரின் எந்தப் பக்கத்தில் இருந்தன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், கிரீஸில் ஒட்டிக்கொண்டு மேல் ஓட்டோடு வந்துவிடும்.

மூடியதும் நீளமாக ஆட்டோவில் இழுத்துப் பார்க்காதீர்கள். மோட்டாரைக் கழற்றி மாட்டியதால் அதன் உயரம் மாறியிருக்கும். மேகசின் இல்லாமல் சிங்கிள் ஷாட்டில் ஒவ்வொன்றாக இழுத்து, சத்தம் கீச்சென்றும் இல்லாமல் இறுக்கமாகவும் இல்லாமல் வரும்வரை திருகைச் சரிசெய்து, மோட்டார் சூடாகவில்லை என்று கிரிப்பைத் தொட்டுப் பார்த்தபின் குண்டு போடலாம்.