சவுண்ட் கார்டு வாங்கும் முன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள்

கோவில் விழாக்களுக்கு ஒலிப்பதிவு செய்கிற தம்பி ஒருவர் போன மாதம் லேப்டாப்பும் கையுமாக வந்து நின்றார். "அண்ணே, நல்ல சவுண்ட் கார்டு ஒண்ணு சொல்லுங்க. சிங்கப்பூர்ல இருந்து மாமா வர்றாரு, வாங்கிட்டு வரச் சொல்லணும்." எதற்கு என்றேன். பாட்டு கேட்டால் பின்னால் ஒரு வண்டு ரீங்காரம் போடுகிறதாம். எப்போதுமேவா, சில நேரம் மட்டுமா என்று கேட்டதும் யோசித்தார். "மீ இருக்கும்போதுதான்ணே."

ரங்கூனில் கரண்டு என்று சொல்வதை விட 'மீ' என்று சொல்வதுதான் நமக்கு வாயில் வருகிறது. நாலு மணி நேரம் போய், வந்ததும் தெருவே 'மீ லா பீ!' என்று கத்துகிறதே, அந்த மீ. சரி, லேப்டாப்பில் பாட்டைப் போடச் சொல்லிவிட்டு சார்ஜரைப் பிடுங்கினேன். வண்டு அந்த நொடியே செத்துப்போனது. மாமாவுக்குச் செலவு மிச்சம்.

சவுண்ட் கார்டை, அதாவது கம்ப்யூட்டரின் எண்களை ஒலியாக மாற்றுகிற பாகத்தை, மாற்றினால் ஒலி நன்றாகுமா என்று கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு என் பதில் இதுதான்: பாட்டு கேட்க மட்டும் என்றால் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. மூன்று இடங்களில் மட்டும் நன்றாகவே தெரியும். கம்ப்யூட்டருக்குள்ளிருந்து இரைச்சல் வந்தால், ஹெட்போன் அதிக ஓம் (மின்தடை) வகையாக இருந்தால், மைக் வைத்துப் பதிவு செய்தால். நீங்கள் இதில் எந்தப் பக்கம் என்பதைக் காசு செலவழிக்காமல் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்.

'தனி கார்டு போட்டால்தான் சத்தம் நன்றாக இருக்கும்' என்ற பேச்சு ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. 1989-இல் சிங்கப்பூர் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டரை இறக்கியபோது சாதாரணக் கம்ப்யூட்டருக்கு 'பீப்' என்று கத்துவதைத் தவிர பெரிதாக ஒன்றும் தெரியாது. 1997-இல் இன்டெல் ஏசி 97 என்ற முறையைக் கொண்டுவந்தது, ஒலிச் சில்லு கம்ப்யூட்டரின் தாய்ப்பலகையான மதர்போர்டிலேயே ஏறத் தொடங்கியது, 2004-இல் எச்டி ஆடியோ வந்தது. விஸ்டா என்ற பதிப்போடு விண்டோஸ் ஒலிக்கணக்கையெல்லாம் மென்பொருளுக்கே மாற்றிக்கொண்டதால், கேமுக்காகத் தனி கார்டு என்ற காரணமும் போய்விட்டது. ஆனாலும் பழைய பேச்சு மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் ஒலி சவுண்ட் கார்டு வழியாகத்தான் போகிறதா என்பது. சிரிக்காதீர்கள், பாதிப் பேர் இங்கேயே கழன்றுகொள்வார்கள். புளூடூத் ஹெட்போன் என்றால் எண்களை ஒலியலையாக மாற்றும் வேலை ஹெட்போனுக்குள் நடக்கிறது. யுஎஸ்பி ஹெட்செட் தன்னுடைய சவுண்ட் கார்டைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. எச்டிஎம்ஐ கம்பியில் டிவிக்குப் போனால் அந்த வேலையை டிவி பார்த்துக்கொள்கிறது. இந்த மூன்றிலும் உள்ளே எவ்வளவு விலை உயர்ந்த கார்டைச் செருகினாலும் அது சும்மாதான் உட்கார்ந்திருக்கும். வட்ட ஜாக்கில் கம்பி செருகிக் கேட்கிறவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

அடுத்து மௌனச் சோதனை. எந்தப் பாட்டும் ஓடாமல் விண்டோஸ் ஒலியளவை முழுக்க ஏற்றுங்கள், ஹெட்போனை மெதுவாகக் காதில் வையுங்கள், அந்த நேரத்தில் அறிவிப்பு மணி ஒன்றும் அடிக்காமல் அணைத்துவிடுங்கள், காது பத்திரம். ஒன்றுமே கேட்கவில்லை என்றால் உங்கள் கார்டில் குறையில்லை, பணப்பையைத் திரும்ப மூடிக்கொள்ளலாம். 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே சீராகக் கேட்டால் அது ஆம்ப்ளிஃபயரின் சொந்த இரைச்சல். 'உம்ம்ம்' என்று அடித்தொண்டையில் உறுமினால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், அல்லது அதன் இரட்டிப்பு 100. மவுஸை நகர்த்தும்போதும் பக்கத்தை மேலே கீழே உருட்டும்போதும் 'கிர்ர், டிக் டிக்' என்று எலி பிராண்டுகிற மாதிரி சத்தம் வந்தால் கம்ப்யூட்டரின் உள் மின்னோட்டம் ஒலிப்பாதையில் கலக்கிறது. இந்த மூன்று சத்தத்தையும் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உறுமல்தான் நம் ஊரில் அதிகம். பழைய கட்டடங்களில் பிளக் பாயின்டுக்கு இரண்டு ஓட்டைதான், எர்த் கிடையாது, மூன்று கால் பிளக்கை அடாப்டர் போட்டுச் செருகுவோம், மூன்றாவது கால் அந்தரத்தில் நிற்கும். லேப்டாப்பின் உலோக உடம்பில் விரல் பின்புறத்தை லேசாகத் தடவிப் பாருங்கள், சார்ஜர் செருகியிருக்கும்போது சுரசுரவென்று எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், பிடுங்கினால் இருக்காது. அது சார்ஜரிலிருந்து கசிகிற சிறு மின்சாரம், எர்த் இல்லாததால் போக வழியில்லாமல் உடம்பில் நிற்கிறது. ஜாக்கின் உலோகத்தைத் தொட்டதும் உறுமல் குறைகிறதா? அப்படியானால் காரணம் அதுவேதான். போதாக்குறைக்கு ஜெனரேட்டரும் மலிவு இன்வெர்ட்டரும் வேறு. வழவழவென்று ஏறி இறங்கும் சைன் அலைக்குப் பதிலாகப் படிக்கட்டு மாதிரி அலை கொடுக்கிற இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் ஓடும், ஆனால் ஸ்பீக்கர் நொய்யென்று அழும்.

நானே இதில் ஏமாந்தவன்தான். சில வருடங்களுக்கு முன் எர்த், இன்வெர்ட்டர் எதையும் யோசிக்காமல் உள்ளே செருகுகிற பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு ஒன்றை வாங்கினேன், கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறை. கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒட்டினாற்போல் ஒரு இடம்தான் காலி, அதில் மாட்டினேன். உறுமல் அப்படியே இருந்தது, புதிதாக எலி பிராண்டல் ஒன்றும் சேர்ந்துகொண்டது. பெட்டிக்கு வெளியே இருக்கிற வியாதிக்குப் பெட்டிக்குள்ளே மருந்து போட்டால் வேறென்ன ஆகும். திருப்பிக் கொடுக்கப் போனால் பெட்டி பிரித்தாகிவிட்டது என்றார்கள்.

தனியாகக் கரண்டு எடுக்கிற ஸ்பீக்கர் வைத்திருந்தால் இன்னொரு சோதனை: கம்ப்யூட்டர் கம்பியை எடுத்துவிட்டு, சார்ஜ் போடாத போனை அதே ஸ்பீக்கரில் செருகுங்கள். உறுமல் நின்றால் தவறு இணைப்பில். நிற்காவிட்டால் ஸ்பீக்கரே கெட்டிருக்கிறது. இணைப்பில் என்றால் கம்ப்யூட்டர், ஸ்பீக்கர் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே அடங்கும். அடங்காவிட்டால், எர்த் வழியாகச் சுற்றி வருகிற உறுமலை அறுக்க, கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று தீப்பெட்டி அளவில் ஒரு சாமான் கிடைக்கும், உள்ளே இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், விலையும் சவுண்ட் கார்டை விட மிகக் குறைவு. ஸ்பீக்கரின் எர்த் காலை ஒடித்துவிட்டால் சத்தம் நிற்கும் என்று சொல்கிற ஆட்கள் உண்டு. நிற்கும்தான், ஷாக் அடித்தால் நீங்களும் நிற்க மாட்டீர்கள். செய்யாதீர்கள்.

எலி பிராண்டலுக்கு மருந்து வேறு. மேசைக் கம்ப்யூட்டர் என்றால் முன்பக்க ஜாக்கை விட்டுவிட்டுப் பின்பக்கப் பச்சை ஜாக்கில் செருகுங்கள். முன் ஜாக்குக்கு வரும் மெல்லிய கம்பி பெட்டிக்குள் கிராஃபிக்ஸ் கார்டையும் பவர் சப்ளையையும் உரசிக்கொண்டு வருகிறது, வழியில் கிடைத்ததையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வரும். பின் ஜாக்கிலும் பிராண்டினால் வெளியில் வைக்கிற யுஎஸ்பி சாதனம் ஒன்று வாங்குங்கள், உள்ளே செருகுகிற கார்டு வேண்டாம்.

அமைப்புகளையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். விண்டோஸ் ஒலி அமைப்பில் 'என்ஹான்ஸ்மென்ட்' என்று இருப்பதை அணையுங்கள், அது குரலைக் குளியலறைக்குள் கொண்டுபோய் வைக்கிற வேலைதான் செய்கிறது. ஒலியின் ஃபார்மட்டை 24 பிட், 48000 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் போதும். 'கம்யூனிகேஷன்ஸ்' பகுதியில் 'ஒன்றும் செய்யாதே' என்பதைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் அழைப்பு வரும்போதெல்லாம் பாட்டைத் தானாகத் தணித்துவிட்டு நம்மைக் குழப்பும்.

இனி அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்கள். மலிவு மதர்போர்டுகளில் வந்த ரியல்டெக் ஏஎல்சி 887 சில்லுக்கு நிறுவனம் சொல்கிற கணக்கு 97 டெசிபெல், விலை கூடின ஏஎல்சி 1220-க்கு 120. இது சத்தத்துக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி. சிடியின் 16 பிட்டால் தரமுடிகிற இடைவெளியே சுமார் 96தான். நம் வீட்டில் மின்விசிறி, கீழே டீக்கடை, பக்கத்துத் தெரு ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்து அறையின் இரைச்சலே 40 டெசிபெல்லுக்குக் குறையாது, அதற்கு மேல் எவ்வளவு சத்தம் வைத்துவிடப் போகிறீர்கள்? 97-க்கும் 120-க்கும் உள்ள வித்தியாசம் அந்த விசிறிக் காற்றிலேயே கரைந்துவிடும். இதில் எழுபதுகளின் சினிமாப் பாட்டை டேப்பிலிருந்து எடுத்து, 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கி, நாலு கை மாறி வந்த கோப்பைப் போட்டுக் கேட்டால், அந்த 'ஸ்ஸ்' டேப்பின் 'ஸ்ஸ்'. நல்ல கார்டு அதையும் தெளிவாகக் கொடுக்கும், அவ்வளவுதான்.

அந்தக் காசுக்கு ஹெட்போனையோ ஸ்பீக்கரையோ மாற்றினால் கதையே வேறு. ஸ்பீக்கரை மேசையிலிருந்து தூக்கி, காது உயரத்துக்குக் கொண்டுவந்து, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தாலே, காசில்லாமல், எந்தக் கார்டும் தராத மாற்றம் கிடைக்கும்.

ஹெட்போன் விஷயத்தில் ஒரு விலக்கு. சென்ஹைசர் எச்டி 600 மாதிரி 300 ஓம், பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவின் 250 ஓம் வகை என்றால் லேப்டாப் ஜாக்கால் போதிய வோல்டேஜ் கொடுக்க முடியாமல் முழு அளவிலும் சத்தம் முனகலாக வரலாம், அங்கே ஆம்ப்ளிஃபயர் உள்ள யுஎஸ்பி சாதனம் தேவைதான். 16, 32 ஓம் இயர்போன்களுக்குப் பிரச்சினை தலைகீழ்: ஜாக்கின் சொந்த மின்தடை, ஹெட்போன் தடையில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும், அதாவது 32 ஓமுக்கு 4-க்குள். சில மதர்போர்டுகளில் அது 75 ஓம் வரை இருக்கிறது, அப்போது அடித்தாளம் வீங்கலாம். ஆப்பிளின் யுஎஸ்பி சி ஹெட்போன் அடாப்டர், அமெரிக்காவில் 9 டாலர், இந்த நோய்க்கு நல்ல மருந்து. ஐரோப்பாவுக்கென்று விற்பதில் வோல்டேஜ் பாதியாகக் குறைக்கப்பட்டிருக்கும், வாங்கிவரச் சொல்லும்போது அதைப் பார்த்துச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு போன்களில் சிலவற்றில் இந்த அடாப்டரைச் செருகினால் சத்தம் குறைவாக வரும், கம்ப்யூட்டரில் தொந்தரவில்லை.

புதியதை வாங்கிவிட்டு 'ஆகா' என்று தோன்றினால் அவசரப்பட்டு நம்பாதீர்கள். ஒரு டெசிபெல் சத்தம் கூடினாலே காது அதை 'தரம்' என்று எடுத்துக்கொள்கிறது. பேட்டரி பார்க்க வீட்டில் மல்டிமீட்டர் இருக்குமே, அதை ஏசி வோல்ட்டில் வைத்து, 60 ஹெர்ட்ஸ் சீரான ஒலி ஒன்றை ஓடவிட்டு, ஹெட்போனும் செருகியபடியே இரண்டு சாதனத்திலும் வோல்டேஜை நூற்றுக்கு ஒன்று வித்தியாசத்துக்குள் சமமாக்குங்கள். அப்புறம் வீட்டில் யாரையாவது உங்கள் முதுகுக்குப் பின்னால் மாற்றி மாற்றிச் செருகச் சொல்லி, எது எது என்று பத்துத் தடவை சொல்லுங்கள். ஐந்து ஆறு சரி என்றால் பூவா தலையா போட்டதற்குச் சமம். ஒன்பது சரி என்றால் உங்கள் காது நிஜமாகவே பிடித்துவிட்டது. நான் என் பழைய லேப்டாப்பையும் வெளிச் சாதனத்தையும் வைத்துச் செய்ததில் ஐந்துதான்.

மைக் விஷயத்தில் மட்டும் நான் தயங்காமல் வாங்கச் சொல்வேன். கம்ப்யூட்டரின் மைக் ஜாக் மிகவும் மோசமான இடம், 'மைக் பூஸ்ட்' ஏற்றினால் குரலோடு ஒரு மழைச் சத்தமும் ஏறிவரும். தேவாரமோ நாதஸ்வரமோ பதிவு செய்ய மூன்று முள் பிளக் உள்ள எக்ஸ்எல்ஆர் மைக், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்க யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் என்கிற பெட்டி. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் மாதிரி இரண்டு வழி உள்ளது போதும், பெரிங்கரில் இன்னும் மலிவாகவும் கிடைக்கும். கரண்டு கொடுத்தால்தான் வேலை செய்கிற கண்டென்சர் மைக் என்றால், அதைக் கொடுக்கிற 48 வோல்ட் பட்டன் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்தத் தம்பிக்கும் கடைசியில் மாமா கொண்டுவந்தது இதைத்தான்.

முதல் பதிவை அவர் பகலில் எடுத்தார், வண்டு கொஞ்சம் மிச்சம் இருந்தது. இப்போது மீ போகும்வரை காத்திருக்கிறார். சார்ஜர் கழன்று, விசிறி நின்று, லேப்டாப் பேட்டரியில் ஓடுகிற அந்த நேரத்தில் வரும் பதிவு கண்ணாடி மாதிரி இருக்கிறது, கீழ் வீட்டுக்காரர் ஜெனரேட்டரைத் தட்டிவிடுகிற வரைக்கும்.